சென்னை மாநகரக் காவல் நிலையம் எப்படி இயங்குகிறது: பாராக் காவலர் முதல் ஆணையர் வரை ஒரு முழுமையான வழிகாட்டி

காவல் நிலையத்துக்குப் போகிறவர் முதலில் பார்ப்பது ஆய்வாளரை அன்று, வாசலில் துப்பாக்கியுடன் நிற்கும் பாராக் காவலரை. நிலையத்தில் வயதில் இளையவராகவும் பணியில் புதியவராகவும் பெரும்பாலும் அவரே இருப்பார். ஆனால் மாற்றுக் காவலர் வந்து பொறுப்பேற்கும் வரை அவர் அந்த இடத்தை விட்டு நகரக்கூடாது. லாக்கப்பில் ஆள் இருந்தால் அவருடைய பாதுகாப்பும், நிலையத்தின் ஆயுதங்களும் அந்த நேரத்தில் பாராவின் பொறுப்பு. ஒருவர் எத்தனை மணிக்குப் பாரா ஏற்றார், எத்தனை மணிக்கு மாற்றினார் என்பதும் எழுத்தில் இருக்கும். வாசலிலேயே தொடங்கிவிடும் இந்த எழுத்துப் பழக்கம்தான் காவல் நிலையத்தைப் புரிந்துகொள்வதற்கான திறவுகோல். வாயால் சொன்னது அங்கே நடந்ததாக ஆகாது. ஏதேனும் ஒரு பதிவேட்டில் ஏறி, ஓர் எண்ணைப் பெற்ற பிறகுதான் அது நடந்ததாகிறது. எந்த மேசையில் யார் இருக்கிறார், எந்தச் செய்தி எந்தப் புத்தகத்தில் ஏறுகிறது என்ற இரண்டும் தெரிந்தவர் தயக்கமின்றிப் படியேறலாம்.

மேலிருந்து கீழே: ஆணையரகம்

சென்னையில் ஆணையர் முறை 1856-இல் தொடங்கியது. முதல் ஆணையர் பதவியில் போல்டர்சன் என்ற இராணுவ அதிகாரி இருந்தார். இன்றும் மாநகரக் காவலுக்கு அடிப்படையாக இருப்பது 1888-ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டம். சென்னைக்காக இயற்றப்பட்ட அந்தச் சட்டம் பின்னர் பிற மாநகரங்களுக்கும் விரிவுபடுத்தப்பட்டது. எழும்பூரில் பல தலைமுறைகளாக இயங்கிய ஆணையர் அலுவலகம் 2013-இல் வேப்பேரிக்கு மாறியது. பழைய கட்டடம் இப்போது காவல் அருங்காட்சியகமாக இருக்கிறது. பள்ளிப் பிள்ளைகளை அழைத்துச் செல்லத் தகுந்த இடம். 2022-இன் தொடக்கத்தில் ஆவடியும் தாம்பரமும் தனி ஆணையரகங்களாயின. ஆகவே பேச்சுவழக்கில் ‘சென்னை’ என்று சொல்லும் இடமெல்லாம் வேப்பேரியின் கீழ் வருவதாக எண்ணிவிடக் கூடாது. புறநகரில் குடியிருப்பவர் தம் தெரு எந்த ஆணையரகத்தின் எல்லையில் இருக்கிறது என்று முதலில் உறுதிசெய்துகொள்வது நல்லது.

மாவட்டத்துக்கும் மாநகரத்துக்கும் உள்ள வேறுபாடு பதவிப் பெயர்களில் மட்டும் இல்லை. மாவட்டத்தில் காவல் கண்காணிப்பாளர் ஒருபுறமும் ஆட்சியர் மறுபுறமும் பகிர்ந்துகொள்ளும் சில அதிகாரங்கள், மாநகரத்தில் ஆணையர் ஒருவரிடமே வந்து சேர்கின்றன. குண்டர் சட்டம் என்று மக்கள் அழைக்கும் 1982-ஆம் ஆண்டின் 14-ஆவது சட்டத்தின்படி தடுப்புக்காவல் ஆணையை மாவட்டத்தில் ஆட்சியர் பிறப்பிக்கிறார். மாநகரத்தில் ஆணையரே பிறப்பிக்கிறார். துப்பாக்கி உரிமம் வழங்குவதும், நகரக் காவல் சட்டத்தின் 41-ஆவது பிரிவின்படி கூட்டங்களையும் ஊர்வலங்களையும் ஒழுங்குபடுத்துவதும் அவருடைய வேலை. ஓர் ஊர்வலத்துக்கு அனுமதி கோரும் மனு வேப்பேரிக்கும் போவது இதனால்தான்.

ஆணையருக்குக் கீழே கூடுதல் ஆணையர்கள் இருக்கிறார்கள்: வடக்கு, தெற்கு, போக்குவரத்து, மத்தியக் குற்றப்பிரிவு, தலைமையிடம் என்று பொறுப்புகள் பிரிகின்றன. சட்டம் ஒழுங்கைப் பொறுத்தவரை நகரம் வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலங்களாகவும், அவற்றுக்குள் 12 காவல் மாவட்டங்களாகவும் பிரிக்கப்பட்டிருக்கிறது. மண்டலத்துக்கு இணை ஆணையர், காவல் மாவட்டத்துக்குத் துணை ஆணையர், சில நிலையங்கள் சேர்ந்த சரகத்துக்கு உதவி ஆணையர். வருவாய்த் துறை மாவட்டத்துக்கும் இந்தக் காவல் மாவட்டத்துக்கும் தொடர்பில்லை. அடையாறும் மயிலாப்பூரும் புளியந்தோப்பும் காவல் துறைக் கணக்கில் மட்டுமே மாவட்டங்கள்.

நிலையத்துக்குள் யார் யார்

சென்னையில் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஆங்கில எழுத்தும் எண்ணும் சேர்ந்த குறியீடு உண்டு. மயிலாப்பூர் ‘இ-1’, மாம்பலம் ‘ஆர்-1’, திருவல்லிக்கேணி ‘டி-1’, அடையாறு ‘ஜே-2’. காவலர்கள் தங்களுக்குள் பெயரை விட இந்தக் குறியீட்டையே மிகுதியாகச் சொல்வார்கள். புகார் ரசீதிலும் இதுதான் முன்னால் நிற்கும்.

நகர நிலையத்தின் தனித்தன்மை, பணிகள் பிரிந்திருப்பதில் இருக்கிறது. ஊர்ப்புற நிலையத்தில் ஒரே ஆய்வாளர் எல்லாவற்றையும் பார்ப்பார். நகரத்தில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் ஆய்வாளர், குற்றப்பிரிவுக்கு ஓர் ஆய்வாளர், போக்குவரத்துக்கு வேறோர் ஆய்வாளர். வீட்டில் திருட்டு, கைப்பேசிப் பறிப்பு, வண்டி காணாமற்போனது ஆகியவை குற்றப்பிரிவு ஆய்வாளரிடம் போகும். அடிதடி, மிரட்டல், தகராறு, சந்தேக மரணம் போன்றவை சட்டம் ஒழுங்கு ஆய்வாளரிடம். சாலை விபத்து வழக்குகளைப் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு பார்க்கும். சங்கிலி பறிபோன ஒருவர் சட்டம் ஒழுங்கு ஆய்வாளரின் அறைக்கு வெளியே ஒரு மணி நேரம் காத்திருந்துவிட்டு, பிறகு பக்கத்து அறைக்கு அனுப்பப்படுவது நாள்தோறும் நடக்கிற காரியம். உள்ளே நுழைந்ததும் “க்ரைம் யாரு பார்க்குறாங்க சார்?” என்று கேட்டாலே அந்த ஒரு மணி நேரம் மிச்சமாகும். குடும்ப வன்முறை, வரதட்சணைக் கொடுமை, குழந்தைகளுக்கு எதிரான குற்றங்கள் ஆகியவற்றை அனைத்து மகளிர் காவல் நிலையங்கள் விசாரிக்கின்றன. அவற்றில் முதலாவது 1992-இல் ஆயிரம் விளக்கில் திறக்கப்பட்டது.

பதவி வரிசையைச் சீருடையிலிருந்தே அறியலாம். இரண்டாம் நிலைக் காவலரின் கையில் பட்டை இருக்காது; முதல்நிலைக் காவலருக்கு இரண்டு பட்டை, தலைமைக் காவலருக்கு மூன்று. உதவி ஆய்வாளரின் தோளில் இரண்டு நட்சத்திரம், ஆய்வாளரின் தோளில் மூன்று. இருவருக்கும் சிவப்பும் நீலமுமான நாடா உண்டு. தலைமைக் காவலருக்கும் உதவி ஆய்வாளருக்கும் நடுவில் வருபவர் சிறப்பு உதவி ஆய்வாளர், பேச்சில் ‘எஸ்.எஸ்.ஐ.’ இவர்களில் பெரும்பாலோர் காவலராகச் சேர்ந்து, கால் நூற்றாண்டு அளவுக்குப் பணியாற்றி அந்த இடத்துக்கு வந்தவர்கள். தெருவின் பழைய பகையும் புதிய பகையும் அவர்களுக்கு மனப்பாடம். சீருடைப் பணியாளர் தேர்வு வாரியத்தின் தேர்வில் வென்று நேரடியாக உதவி ஆய்வாளராக வந்த இளைஞர், சட்டப் பிரிவுகளை நன்றாக அறிந்திருந்தாலும், ஆளை அடையாளம் காண எஸ்.எஸ்.ஐ.யிடம்தான் கேட்பார்.

காவலர் என்ற பதவியை மக்கள் குறைத்து மதிப்பிடுவதும் உண்டு, மிகையாக மதிப்பிடுவதும் உண்டு. கைது செய்யும் அதிகாரம் சட்டத்தில் எந்தக் காவல் அலுவலருக்கும் உண்டு என்பதால், கண்ணெதிரே திருடியவனைப் பிடிக்கக் காவலர் யாரையும் கேட்க வேண்டியதில்லை. ஆனால் நிலையத்தின் பொறுப்பு அதிகாரியாக அவர் இருக்க முடியாது. பொறுப்பு அதிகாரி வெளியே சென்றிருந்தால், அங்கே இருப்பவர்களில் அவருக்கு அடுத்த நிலையில், காவலருக்கு மேற்பட்ட பதவியில் இருப்பவர் அந்தப் பொறுப்பைத் தானாகவே ஏற்கிறார். அதாவது ஒரு தலைமைக் காவலர் இருந்தால் போதும், நிலையத்தில் அதிகாரி இருக்கிறார் என்றே பொருள். “ஐயா பந்தோபஸ்து போயிருக்காரு, நாளைக்கு வாங்க” என்ற பதிலுக்குச் சட்டத்தில் இடமில்லாதது இதனால்தான். இந்த ஒரு விதி தெரிந்திருந்தால் மக்கள் எத்தனையோ முறை வீணாக அலைவது குறையும்.

நிலையத்தில் ஆய்வாளருக்கு அடுத்தபடியாக அறிந்துகொள்ள வேண்டியவர் ‘ரைட்டர்’. நிலைய எழுத்தர் என்று தமிழில் எழுதினாலும் யாரும் அப்படி அழைப்பதில்லை. பெரும்பாலும் தலைமைக் காவலர் நிலையில் இருக்கும் இவர்தான் மனுவைப் படித்துப் பார்த்து, எந்தப் பிரிவு பொருந்தும் என்று அதிகாரிக்கு எடுத்துச் சொல்பவர். வழக்குக் கட்டுகளின் வரிசை அறிந்தவர். நீதிமன்றம் கேட்கும் நகல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று சொல்லக்கூடியவர். ஆய்வாளர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள். நல்ல ரைட்டர் இருக்கும் நிலையத்தில் வேலை நிற்காது.

புத்தகங்கள்

காலையில் ரோல்கால் நடக்கும். அன்றைய பணி அங்கே பிரித்துக் கொடுக்கப்படும்: யாருக்குப் பாரா, யாருக்கு ரோந்து, யாருக்குக் கோர்ட், யாருக்குப் பந்தோபஸ்து. அந்தப் பிரிவினை பொது நாட்குறிப்பில் ஏறும். ‘ஜி.டி.’ என்று சுருக்கிச் சொல்லப்படும் இந்தப் புத்தகம் நிலையத்தின் நினைவாற்றல்: யார் வெளியே போனார், எத்தனை மணிக்குத் திரும்பினார், யார் என்ன தகவல் சொன்னார், யார் அழைத்து வரப்பட்டார் என எல்லாமே மணி வாரியாக இதில் இருக்க வேண்டும். பின்னாளில் ஒரு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், இன்னார் அன்று மாலையே பிடித்துச் செல்லப்பட்டாரா, மறுநாள் காலையில் கைதானாரா என்ற கேள்வி எழும்போது வழக்கறிஞர்கள் முதலில் கேட்பது இந்தப் புத்தகத்தைத்தான்.

இரவு ரோந்துக் காவலருக்கு உரியது பட்டா புத்தகம். குறிப்பிட்ட வீடுகளிலும் கடைகளிலும் வங்கி வாசல்களிலும் இது தொங்கும். ரோந்து வரும் காவலர் நேரம் குறித்துக் கையெழுத்திட்டுச் செல்ல வேண்டும். வெளியூர் செல்வோர் பூட்டிய வீடு பற்றி நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்தால், ரோந்தில் அந்த வீட்டையும் சேர்த்துக்கொள்வார்கள். இதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது.

புகார் கொடுப்பது: படிப்படியாக

முதல் படி வீட்டிலேயே நடக்க வேண்டியது: மனுவை எழுதிக்கொண்டு போவது. வாய்மொழியாகச் சொன்னாலும் காவல் அதிகாரி அதை எழுதி, படித்துக் காட்டி, கையெழுத்து வாங்க வேண்டும் என்பது சட்டம். ஆயினும் தானே எழுதிய மனுவில் சொற்கள் மாறாது. நாள், நேரம், இடம், நடந்தது, செய்தவர் தெரிந்தால் பெயர், பார்த்தவர்கள், இழந்த பொருளின் அடையாளம் ஆகியவை வரிசையாக வந்தால் போதும். “கடும் நடவடிக்கை எடுக்குமாறு” என்று அரைப் பக்கம் கெஞ்சுவதை விட, வண்டியின் இயந்திர எண்ணையும் அடிச்சட்ட எண்ணையும், கைப்பேசியின் 15 இலக்க ஐ.எம்.இ.ஐ. எண்ணையும் எழுதுவது பயன் தரும். இரண்டு பிரதிகள் வேண்டும். ஒன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எல்லைப் பிரச்சினை இரண்டாம் படியில் வரும். சில ஆண்டுகளுக்கு முன் என் இருசக்கர வண்டி காணாமற்போனபோது, ரைட்டர் என் மனுவை வாங்கியவுடன் கேட்ட கேள்வி எனக்கு இன்றும் நினைவிருக்கிறது: “வண்டிய ரோட்டுக்கு எந்தப் பக்கம் சார் நிறுத்துனீங்க?” நான் பூக்கடைப் பக்கம் என்றேன். அவர் பேனாவை மூடிவிட்டார். அந்தச் சாலையின் நடுக்கோடு இரண்டு நிலையங்களுக்கும் எல்லை. பூக்கடைப் பக்கம் அடுத்த நிலையத்தின் ‘லிமிட்’. நான் அங்கிருந்து நடந்து அடுத்த நிலையத்துக்குப் போனேன். இன்று அப்படி நடக்க வேண்டியதில்லை. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173-ஆவது பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. ‘ஜீரோ எப்.ஐ.ஆர்.’ என்று சொல்லப்படுவது இதுதான்: முதலில் பதிந்துவிட்டு, பிறகு உரிய நிலையத்துக்கு அனுப்புவார்கள். மின்னணு வழியிலும் தகவல் அனுப்பலாம். ஆனால் அனுப்பியவர் மூன்று நாட்களுக்குள் நேரில் சென்று கையெழுத்திட்டால்தான் அது பதிவாகும்.

அடுத்து வருவது சி.எஸ்.ஆர். இதைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மக்கள் மிகுதியாக ஏமாறும் இடம் இது. சமுதாயப் பணிப் பதிவேடு என்பது தமிழ்நாட்டில் புகார் மனுக்களைப் பதிவதற்கான ஏற்பாடு. மனு வந்தது, இந்த எண்ணில் ஏறியது என்பதற்கான ரசீது. முதல் தகவல் அறிக்கையோ (எப்.ஐ.ஆர்.) வேறு; அது வழக்கையே பதிவு செய்வது. கைது செய்யத்தக்க குற்றம், அதாவது நீதிமன்ற ஆணையின்றியே காவல் துறை கைது செய்யக்கூடிய குற்றம், நடந்ததாக மனுவிலிருந்தே தெரிந்தால், வழக்குப் பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் 2013-இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. புதிய சட்டம் ஒரு சிறு விலக்கைத் தருகிறது: மூன்று ஆண்டு முதல் ஏழு ஆண்டுக்குக் குறைவான தண்டனை உள்ள குற்றங்களில், துணைக் கண்காணிப்பாளர் நிலையில் உள்ள அதிகாரியின் முன் அனுமதியோடு, 14 நாட்களுக்குள் முதற்கட்ட விசாரணை நடத்தலாம். மாநகரத்தில் அந்த நிலையில் இருப்பவர் உதவி ஆணையர். ஆகவே திருட்டுப் புகாருக்கு சி.எஸ்.ஆர். ரசீது மட்டும் கொடுத்து அனுப்பினால், காப்பீட்டு நிறுவனம் அதை ஏற்காது, நீதிமன்றத்துக்கும் அது போகாது, பொருளைத் தேடும் கடமையும் முறைப்படி தொடங்கியிருக்காது. “சி.எஸ்.ஆர். போட்டாச்சு” என்ற சொல்லைக் கேட்டு நிம்மதியாக வீடு திரும்புவது பாதிக் கிணறு தாண்டிய கதைதான்.

வழக்குப் பதிவானால் அதற்குக் குற்ற எண் கிடைக்கும். ஒவ்வொரு நிலையத்திலும் சனவரி முதல் நாளிலிருந்து புதிதாக எண்ணத் தொடங்குவதால், எண்ணோடு நிலையத்தின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தே குறித்து வைக்க வேண்டும். அறிக்கையின் நகலைப் புகார்தாரருக்கு உடனே இலவசமாகத் தர வேண்டும். பாலியல் குற்றம் போன்றவை நீங்கலாக மற்ற முதல் தகவல் அறிக்கைகளைத் தமிழ்நாடு காவல் துறையின் இணையத்தளத்தில் பார்க்கலாம், சி.எஸ்.ஆர். நிலையையும் அங்கேயே அறியலாம். நகலைப் படித்துப் பார்க்காமல் மடித்து வைக்கக் கூடாது. பிரிவுகள் சரியாக இருக்கின்றனவா, மனுவில் எழுதிய நேரமும் பொருட்களும் விடுபடாமல் வந்திருக்கின்றனவா என்று அன்றே பார்த்தால் திருத்தம் கேட்பது எளிது.

ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவை தொலைந்திருந்தால் நிலையத்துக்கே போக வேண்டாம். அதே இணையத்தளத்தில் தொலைந்த ஆவண அறிக்கையைத் தாமே பதிவிறக்கிக்கொள்ளலாம். இணையவழிப் பண மோசடிக்கு 1930 என்ற எண்ணை உடனே அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்குவதற்கு நேரமே முக்கியம் என்பதால், அழைப்பு முதலில், மனு பிறகு.

பதிய மறுத்தால்

முதலில் மனுவைப் பதிவு அஞ்சலில் துணை ஆணையருக்கு அனுப்ப வேண்டும். அங்கும் நடவடிக்கை இல்லையென்றால் சுரக்ஷா சன்ஹிதாவின் 175-ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவின்படி நீதித்துறை நடுவரிடம் போகலாம். இப்போது உறுதிமொழிப் பத்திரத்தோடு போக வேண்டும். அஞ்சல் ரசீதும், முத்திரையிட்ட மனுப் பிரதியும் அங்கேதான் உதவுகின்றன. அவை இல்லாதவர் மறுபடியும் முதலிலிருந்து தொடங்க வேண்டிவரும். பாலியல் வன்முறை போன்ற குறிப்பிட்ட குற்றங்களில் தகவலைப் பதிய மறுக்கும் அதிகாரியே, இந்திய தண்டனைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 199-ஆவது பிரிவின்படி தண்டனைக்கு உள்ளாவார். மறுபுறம், கைது செய்யத்தகாத குற்றமாக இருந்தால் நடுவரின் உத்தரவின்றிக் காவல் துறை புலன்விசாரணை செய்ய முடியாது. வாய்ச்சண்டையையும் சிறு பணப் பாக்கியையும் நிலையத்துக்குக் கொண்டுவந்து, ஏன் கைது செய்யவில்லை என்று கேட்போர் இதை நினைவில் கொள்ள வேண்டும். கடனை வசூலித்துத் தருவது உரிமையியல் நீதிமன்றத்தின் வேலை. அந்த வேலையை ஏற்றுக்கொள்ளும் நிலையம் தன் எல்லையை மீறுகிறது.

நிலையத்திலிருந்து அழைப்பு வந்தால்

தொலைபேசியில் “கொஞ்சம் ஸ்டேஷனுக்கு வந்துட்டுப் போங்க” என்று அழைத்தால், எந்த வழக்கு, என்ன எண், அழைப்பவர் யார் என்று கேட்பதில் தவறில்லை. சாட்சியாக விசாரிக்க எழுத்துமூலம் அழைக்க வேண்டும் என்கிறது சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு. பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்தவர்களையும், 60 வயதைக் கடந்தவர்களையும், மாற்றுத்திறனாளிகளையும், கடும் நோயுற்றவர்களையும் அவர்கள் வசிக்கும் இடத்தில்தான் விசாரிக்க வேண்டும். குற்றம் சாட்டப்பட்டவர்களில் உடனடிக் கைது தேவைப்படாதவர்களுக்கு 35-ஆவது பிரிவின்படி அறிவிப்பு தரப்படும். அதற்கு இணங்கி ஆஜராகி வருபவரை, எழுத்தில் காரணம் காட்டாமல் கைது செய்ய முடியாது.

கைது நடந்தால், நேரத்தை யாராவது ஒருவர் குறித்துக்கொள்ள வேண்டும். கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தவர் ஒருவரோ அப்பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சான்றொப்பமிட வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும். பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன் நிறுத்த வேண்டும். சூரியன் மறைந்த பின் பெண்ணைக் கைது செய்ய, விதிவிலக்கான சூழலில் மட்டும், பெண் காவல் அதிகாரி நடுவரின் முன் அனுமதியைப் பெற வேண்டும். பிணையில் விடத்தக்க குற்றமாக இருந்தால் நிலையத்திலேயே பிணை உண்டு. அது உரிமை, சலுகை அன்று. நிலையங்களில் கண்காணிப்புக் கேமராப் பதிவுகளை 18 மாதம் பாதுகாக்க வேண்டும் என்று 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருப்பதால், உள்ளே நடந்தது பற்றிப் புகார் இருந்தால் பதிவு அழியும் முன் எழுத்தில் கேட்பது முக்கியம்.

கோர்ட் காவலர்

நிலையத்தில் யாரும் கவனிக்காமல் விடும் ஒருவர் கோர்ட் காவலர். காலையில் ஒரு கட்டுக் காகிதங்களோடு நடுவர் நீதிமன்றத்துக்குப் போய், மாலையில் இன்னொரு கட்டோடு திரும்புவார். முதல் தகவல் அறிக்கை நடுவரிடம் சேர்வதும், குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்படுவதும், சம்மனும் பிடியாணையும் நிலையத்துக்கு வருவதும் இவர் வழியாகத்தான். வந்த சம்மன் பதிவேட்டில் ஏறி, அந்தத் தெருவின் காவலர் கைக்குப் போகும். அவர் வீட்டுக்கு வரும்போது சம்மன் பெற வேண்டியவர் இல்லையென்றால், குடும்பத்தில் வயதுவந்த ஒருவரிடம் கொடுக்கலாம். பழைய சட்டம் வயதுவந்த ஆண் என்று சொன்னது. புதிய சட்டத்தின் 66-ஆவது பிரிவில் அந்த ‘ஆண்’ நீங்கிவிட்டது. சம்மனை வாங்க மறுப்பதால் வழக்கு நிற்காது. அடுத்த வாய்தாவில் பிடியாணை வரலாம்.

புகார்தாரருக்கும் கோர்ட் காவலரிடம் வேலை உண்டு. வழக்கு எந்த நிலையில் இருக்கிறது என்பதை 90 நாட்களுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 193-ஆவது பிரிவு சொல்கிறது. அந்தத் தகவல் வராவிட்டால் குற்ற எண்ணைச் சொல்லிக் கேட்கலாம்: இறுதி அறிக்கை போட்டாயிற்றா, எந்த நீதிமன்றம், கோப்பு எண் என்ன. ‘கண்டுபிடிக்க இயலவில்லை’ என்று வழக்கை முடித்திருந்தால் அதற்கும் அறிவிப்பு வர வேண்டும். அதை எதிர்த்து நடுவரிடம் மனுப் போடும் உரிமை புகார்தாரருக்கு உண்டு. என் வண்டி வழக்கு அப்படி முடிந்தபோது வந்த அறிவிப்பில் இரண்டாவது நிலையத்தின் குறியீடும், குற்ற எண்ணும், அதே ரைட்டர் வேலை பார்க்கும் முதல் நிலையத்துக்கு எதிரே உள்ள பூக்கடையின் பெயரும் சம்பவ இடமாகத் தெளிவாக எழுதப்பட்டிருந்தன. காப்பீட்டுத் தொகையைப் பெற அந்த ஒரு தாள்தான் தேவைப்பட்டது.